எண்ணெய் வந்தும் நட்டம்: ஒரு எண்ணெய், எரிவாயுக் கிணற்றின் உண்மைக் கணக்கைப் போடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

1859 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், டைட்டஸ்வில் என்ற ஊருக்குப் பக்கத்தில் எட்வின் டிரேக் போட்ட கிணற்றில், எழுபது அடி ஆழம்கூட போவதற்குள் எண்ணெய் தென்பட்டது. பெட்ரோலியத் தொழிலே அங்கிருந்துதான் தொடங்கியது என்பார்கள். அந்தக் கிணறு லாபம் பார்க்கவே இல்லை என்பதைப் பலரும் சேர்த்துச் சொல்வதில்லை. டிரேக்கைப் பார்த்து ஆளாளுக்குச் சுற்றிலும் தோண்ட ஆரம்பித்தார்கள், 1860 தொடக்கத்தில் பேரல் 20 டாலருக்குப் போன எண்ணெய் 1861 முடிவதற்குள் 10 சென்டுக்கு வந்துவிட்டது, அதே ஆண்டில் டிரேக்கின் கிணறும் நின்றுபோனது.

ஒரு கிணறு ஏன் நட்டத்தில் போகிறது, அதை முன்கூட்டியே எப்படிக் கண்டுபிடிப்பது, போய்விட்டால் என்ன செய்வது, இவ்வளவும் இங்கே வரிசையாக இருக்கிறது. பெட்ரோலியம் படிக்கிற மாணவருக்கும், "ஒரு கிணற்றில் பங்கு வாங்குங்கள், மாதாமாதம் செக் வரும்" என்று யாரோ வந்து பேசிய குடும்பத்துக்கும், செய்தியில் "எரிவாயு கண்டுபிடிப்பு" என்று பார்த்ததும் இதில் எவ்வளவு உண்மை என்று யோசிப்பவருக்கும் உதவும். உதாரணங்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வரும். அங்கேதான் சின்னக் கம்பெனிகளும் தனி ஆட்களும்கூட கிணறு வைத்திருக்கிறார்கள், உற்பத்திப் பதிவுகளும் பொதுவில் கிடைக்கின்றன.

படி 1: எந்த மாதிரி நட்டம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

நட்டக் கிணறு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உள்ளே பார்த்தால் நான்கு விதம் இருக்கிறது. நான்குக்கும் காரணம் வேறு, செய்ய வேண்டியதும் வேறு.

முதல் விதம் வறண்ட கிணறு. தோண்டினோம், ஒன்றும் இல்லை, அல்லது எடுக்கிற அளவுக்கு இல்லை. 1983-ல் அலாஸ்காவுக்கு வடக்கே போஃபர்ட் கடலில் முக்லுக் என்ற இடத்தில் சோஹையோ கம்பெனியும் கூட்டாளிகளும் கடலுக்குள் சரளைக்கல் தீவு கட்டி அதன் மேலிருந்து தோண்டினார்கள். குத்தகைக்கும் தோண்டுவதற்குமாக நூறு கோடி டாலருக்கு மேல் போனது. பாறையில் எண்ணெய்க் கறை இருந்தது, எண்ணெய் இல்லை. என்றோ ஒரு காலத்தில் இருந்தது கசிந்து போய்விட்டது. அதே அலாஸ்காவின் சுக்சி கடலில் 2015-ல் ஷெல் போட்ட 'பர்கர் ஜே' கிணறும் இந்த வகைதான். எண்ணெய், வாயுவின் அறிகுறி இருந்தது, எடுக்கிற அளவு இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் ஷெல் அங்கிருந்து வெளியேறியபோது ஆர்க்டிக் முயற்சிக்கு மொத்தமாக ஏறக்குறைய 700 கோடி டாலர் செலவாகியிருந்தது.

இரண்டாவது, இருக்கிறது ஆனால் கொண்டுவந்தால் கட்டுப்படியாகாது. நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் மன்னார் கடல். 2011-ல் கெய்ர்ன் கம்பெனி இலங்கைப் பக்கத்தில் 'டொராடோ', 'பாரகுடா' என்ற இரண்டு கிணறுகளில் எரிவாயு கண்டது. 1,300 மீட்டருக்கும் அதிகமான நீர் ஆழம், கரைக்கு வந்தால் வாயுவை வாங்கத் தயாராக நிற்கும் குழாய் வலையமைப்பு இல்லை, அப்புறம் 2014-ல் எண்ணெய் விலையும் விழுந்தது. 2015-ல் கெய்ர்ன் கிளம்பிவிட்டது. கிருஷ்ணா கோதாவரிப் படுகையில் குஜராத் அரசு நிறுவனமான ஜிஎஸ்பிசி 2005-ல் 20 லட்சம் கோடி கன அடி வாயு இருப்பதாக அறிவித்ததும் நினைவிருக்கலாம். கடுமையான அழுத்தம், கடுமையான வெப்பம், வாயுவை எளிதில் விடாத இறுகிய பாறை. கைக்கு எட்டிய அளவு அறிவித்ததில் சின்னப் பங்குதான். 2017-ல் அந்தப் பகுதியின் 80 சதவீதப் பங்கை ஓஎன்ஜிசி வாங்கிக்கொண்டது. 2016-ல் மத்திய அரசு ஏலத்துக்கு விட்ட 67 சிறு வயல்களும் இதே ரகம்: ஓஎன்ஜிசியும் ஆயில் இந்தியாவும் கண்டுபிடித்துவிட்டு, சின்னது, தூரமானது, விலை போதாது என்று வருடக்கணக்கில் எடுக்காமல் வைத்திருந்தவை.

மூன்றாவது, நன்றாகவே உற்பத்தி ஆகும், ஆனால் போட்ட பணம் திரும்பாது. ஆர்கன்சா மாநிலத்தின் ஃபேயட்வில் ஷேல் (எண்ணெயையும் வாயுவையும் எளிதில் விடாத, இறுகிய களிமண் பாறை) வாயு வயலை 2011-ல் பிஎச்பி என்ற சுரங்கக் கம்பெனி 475 கோடி டாலருக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே வாயு விலை சரிந்தது, 284 கோடியை நட்டமாக எழுதித் தள்ளினார்கள். 2018-ல் விற்றபோது கிடைத்தது 30 கோடி. இத்தனைக்கும் கிணறுகளில் வாயு வந்துகொண்டுதான் இருந்தது.

நான்காவது, ஒரு காலத்தில் நன்றாகச் சம்பாதித்து, வயதாகி, இப்போது தினச் செலவுக்கே இழுபறியாக நிற்கும் கிணறு. அமெரிக்காவில் இதற்கு ஸ்டிரிப்பர் கிணறு என்று பெயர். நாளுக்கு 15 பேரலோ அதற்குக் குறைவோ தருவது என்பது பரவலான வரையறை. அங்கே உற்பத்தியில் இருக்கும் கிணறுகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இந்த ரகம், ஆனால் மொத்த உற்பத்தியில் அவற்றின் பங்கு பத்து சதவீதத்துக்கும் கீழே. உங்களிடம் பங்கு விற்க வருபவர் காட்டுவது பெரும்பாலும் இதைத்தான் என்பதால், இனி வரும் படிகளில் இதற்குத்தான் அதிக இடம் கொடுக்கிறேன்.

படி 2: செலவான பணத்தையும் செலவாகப்போகும் பணத்தையும் கலக்காதீர்கள்

கிணறு போட ஆன செலவு திரும்பி வராது. இன்று பம்பை ஓட்டலாமா நிறுத்தலாமா என்ற கேள்விக்கு அந்தப் பணம் ஒரு பொருட்டே இல்லை. இனி வரும் வருமானம் இனி ஆகும் செலவை மிஞ்சுகிறதா என்பது மட்டும்தான் பேச்சு. அதனால்தான் விலை விழுந்தாலும் ஷேல் கம்பெனிகள் ஓட்டிக்கொண்டே இருக்கின்றன. ஏற்கனவே நட்டமான கிணறுதான், ஆனால் ஓட்டினால் நட்டம் குறையும்.

இதையே புதுக் கிணறு போடும்போது செய்தால் ஏமாற்று வேலை. குத்தகை, நில அதிர்வு ஆய்வு, சாலை, குழாய், தோல்வியான மற்ற கிணறுகளின் செலவு, எல்லாவற்றையும் சேர்த்தால் வருவது முழுச் சுழற்சிக் கணக்கு. தோண்டி முடிக்கும் செலவை மட்டும் எடுத்துக்கொண்டால் வருவது அரைச் சுழற்சிக் கணக்கு. பங்குதாரர் கூட்டத்தில் "இந்த விலையிலும் எங்களுக்கு 40 சதவீத லாபம்" என்று திரையில் காட்டுவார்களே, அது ஏறக்குறைய எப்போதும் அரைச் சுழற்சி. முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்.

படி 3: செய்தியில் வரும் விலையை மறந்துவிட்டு, கிணற்றடி விலையைப் பிடியுங்கள்

டிவியில் பேரல் 70 டாலர் என்றால் உங்கள் கிணற்று எண்ணெய்க்கு 70 கிடைக்காது. லாரிக் கூலி, தரம், தூரம் எல்லாம் கழியும். அப்புறம் நில உரிமையாளரின் ராயல்டி. அமெரிக்க மத்திய அரசு நிலத்தில் நூறு ஆண்டுக்கும் மேலாக இது 12.5 சதவீதமாக இருந்தது. டெக்சஸில் தனியார் நிலத்தில் 20, 25 சதவீதம் சகஜம். அதற்கும் மேல் மாநில வரி: டெக்சஸில் எண்ணெய்க்கு 4.6, வாயுவுக்கு 7.5 சதவீதம்.

இங்கே ஒரு முக்கியமான சூட்சுமம். பங்கு விற்பவர் "10 சதவீத வொர்க்கிங் இன்ட்ரஸ்ட்" என்பார். அதன் அர்த்தம், செலவில் 10 சதவீதம் உங்கள் தலையில். வருமானத்தில் 10 சதவீதம் வராது. ராயல்டி போக மிச்சத்தில்தான் உங்கள் பங்கு. ராயல்டி 20 சதவீதம் என்றால் செலவில் பத்து, வரவில் எட்டு. இடையில் தரகர் தனக்கென்று ஒரு மேல்ராயல்டி (செலவில் பங்கில்லாமல் வரவில் மட்டும் ஒரு பங்கு) எடுத்திருந்தால் ஏழரை, ஏழு என்று இன்னும் இறங்கும். இரண்டு எண்களையும் எழுத்தில் வாங்குங்கள்.

எரிவாயுவில் இன்னொரு வலை இருக்கிறது. ஆறாயிரம் கன அடி வாயுவின் எரிசக்தி ஒரு பேரல் எண்ணெய்க்குச் சமம் என்பதால், வாயுவையும் "எண்ணெய்க்குச் சமமான பேரல்" என்று மாற்றிச் சொல்வது தொழில் வழக்கம். எரிசக்தி சமம், பணம் சமமில்லை. ஆயிரம் கன அடி இரண்டரை டாலர் என்றால் அந்தச் "சமமான பேரல்" வெறும் 15 டாலர். "நாளுக்கு 20 சமபேரல்" என்று சொல்லும் கிணற்றில் 16 வாயுவாக இருந்தால் கதை முடிந்தது. மேற்கு டெக்சஸில் குழாயில் இடம் போதாமல் வாயு விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது ஒருமுறை இருமுறை அல்ல. எண்ணெயோடு சேர்ந்து வந்துவிடும் வாயுவை எடுத்துக்கொண்டு போகச்சொல்லிப் பணம் கொடுத்தார்கள். எண்ணெயிலேயே அது நடந்தது: 2020 ஏப்ரல் 20 அன்று, மே மாதம் எண்ணெய் கொடுப்பதற்கான அமெரிக்கச் சந்தை ஒப்பந்தம் பேரலுக்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது.

படி 4: சரிவு வளைவைப் பாருங்கள், முதல் மாத உற்பத்தியைப் பார்க்காதீர்கள்

பெரும்பாலான கிணறுகள் தொடக்கத்தில்தான் அதிகம் கொடுக்கும். நிலத்தடி அழுத்தம் குறையக் குறைய உற்பத்தி இறங்கும். ஜே. ஜே. ஆர்ப்ஸ் 1945-ல் இந்தச் சரிவுக்கு எழுதிவைத்த சமன்பாடுகளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். பழைய பாணிக் கிணறு ஆண்டுக்கு ஐந்து, பத்து சதவீதம் என்று நிதானமாக இறங்கும். ஷேல் கிணறு முதல் ஆண்டிலேயே பாதிக்கு மேல், பல இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு இறங்கிவிடும்.

ஏமாற வழி எங்கே இருக்கிறது என்றால், வளைவின் வாலில். ஆர்ப்ஸ் சமன்பாட்டில் ஒரு எண்ணைச் சற்றுத் தாராளமாக வைத்தால் வால் மெல்லிசாக நாற்பது ஆண்டு நீளும். காகிதத்தில் எண்ணெய் ஏறிவிடும், கிணற்றில் ஏறாது. பக்கத்திலேயே நெருக்கமாக அடுத்த கிணறு போட்டால் இரண்டும் ஒரே பாறையிலிருந்து உறிஞ்சும் என்பதையும் அந்த வளைவு சொல்லாது. குறைந்தது மூன்று ஆண்டு மாதவாரி உற்பத்தியைக் கேட்டு வாங்கி நீங்களே வரைபடம் போடுங்கள். டெக்சஸில் ரயில்ரோடு கமிஷன் என்ற அமைப்புதான் எண்ணெய்க்குப் பொறுப்பு, அதன் இணையதளத்தில் எல்லாம் கிடைக்கும். ஆனால் அங்கே எண்ணெய் உற்பத்தி கிணறுவாரியாகப் பதிவாவதில்லை, குத்தகைவாரியாகப் பதிவாகிறது. ஒரு குத்தகையில் பத்துக் கிணறு இருந்தால், உங்களுக்கு விற்கும் கிணறு அந்தப் பத்தில் நல்லதா, செத்ததா என்று பொதுப் பதிவை வைத்துச் சொல்ல முடியாது. கிணறுவாரிச் சோதனை அறிக்கையைத் தனியாகக் கேட்க வேண்டும்.

படி 5: செலவில் முதலில் தண்ணீரைத் தேடுங்கள்

பம்ப் ஓட்ட மின்சாரம், தினம் போய்ப் பார்க்கும் ஆளுக்குக் கூலி, துருவுக்கும் மெழுகுக்கும் ரசாயனம், காப்பீடு, அலுவலகச் செலவு. இவை எல்லோரும் எழுதும் பட்டியல். வயதான கிணற்றைக் கொல்வது பெரும்பாலும் தண்ணீர். எண்ணெய் இருக்கும் பாறையில் உப்புத் தண்ணீரும் இருக்கும், எண்ணெய் குறையக் குறைய அதன் விகிதம் ஏறும். ஒரு பேரல் எண்ணெய்க்குப் பத்துப் பேரல் தண்ணீர் என்பது பழைய வயல்களில் அதிசயம் இல்லை. கடல் நீரைவிடப் பல மடங்கு உப்பாக இருக்கும் அந்தத் தண்ணீரை வயலில் விட முடியாது; லாரியிலோ குழாயிலோ கொண்டுபோய் இன்னொரு கிணற்றில் நிலத்துக்கு அடியில் இறக்க வேண்டும், அதற்குப் பேரலுக்கு இவ்வளவு என்று கட்டணம். எண்ணெய் பாதியானால் வருமானம் பாதியாகும், தண்ணீர்ச் செலவு அப்படியே நிற்கும், கூடினாலும் கூடும்.

அடுத்து, பட்டியலில் வராத செலவு: பழுது. பம்ப்ஜாக் என்ற தலையாட்டும் பம்ப் மேலும் கீழும் ஆட்டும் சக்கர் ராட் என்ற நீளக் கம்பி உள்ளே அறுந்துபோகும், எண்ணெய் மேலே வரும் டியூபிங் என்ற குழாய் ஓட்டையாகும். ஆண்டுக்கு ஒருமுறை ரிக் (கம்பியையும் குழாயையும் வெளியே தூக்கும் இயந்திரம்) வரவழைத்தாலே பல்லாயிரம் டாலர். விற்பவர் கொடுக்கும் செலவுக் கணக்கு பழுதில்லாத ஆறு மாதமாகத்தான் இருக்கும். இரண்டு ஆண்டுக் கணக்கு இல்லையென்றால் கையெழுத்து வேண்டாம்.

படி 6: இப்போது கணக்கைப் போடுவோம்

கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. உங்கள் கிணற்றின் எண்களை அதே இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

நாளுக்கு 6 பேரல், மாதத்துக்கு 180. சந்தை விலை 70, கழிவு 4, கிணற்றடி விலை 66 டாலர். ராயல்டி 20 சதவீதம் போக 52.80. மாநில வரி 4.6 சதவீதம் போக 50.37. ஆக மாத வரவு 9,067 டாலர்.

மாதச் செலவு: ஆள், மின்சாரம், ரசாயனம், காப்பீடு எல்லாம் சேர்த்து 4,200. தண்ணீர் நாளுக்கு 60 பேரல், பேரலுக்கு 75 சென்ட், மாதம் 1,350. மொத்தம் 5,550. மிச்சம் 3,517 டாலர்.

பங்கு விற்பவர் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார். "மாதம் மூவாயிரத்து ஐந்நூறு சும்மா வருகிறது" என்பார். நாம் நிறுத்த வேண்டாம். ஆண்டுக்கு ஒரு பழுது 25,000 என்று வையுங்கள், மாதத்துக்கு 2,083. மிச்சம் 1,434.

இனி பொருளாதார எல்லை. மாதச் செலவு பழுதோடு 7,633 டாலர், ஒரு பேரலில் கைக்கு வருவது 50.37. வகுத்தால் 151.5 பேரல், அதாவது நாளுக்கு ஐந்து பேரல். அதற்குக் கீழே போனால் ஓட்டுவதே நட்டம். கிணறு இன்று ஆறில் நிற்கிறது. ஆண்டுக்குப் பத்து சதவீதம் சரிந்தால் முதல் ஆண்டு முடிவில் 5.4, இரண்டாம் ஆண்டு முடிவில் 4.86. இந்தக் கிணற்றுக்கு இன்னும் இரண்டு ஆண்டுகூட ஆயுள் இல்லை. சந்தை விலை 60-க்கு இறங்கினாலோ கைக்கு வருவது 42.74, எல்லை நாளுக்கு ஏறக்குறைய 6 பேரல், அதாவது இன்றைக்கே நின்றுவிட வேண்டியதுதான்.

மாத மிச்சம் 1,434-ல் தொடங்கி இருபது மாதத்தில் பூஜ்யத்துக்கு வருகிறது. மொத்தம் சேர்வது சுமார் 15,000 டாலர். இந்த எண்ணை ஒரு பக்கம் குறித்து வையுங்கள்.

படி 7: மூடும் செலவை முதல் நாளே கணக்கில் எழுதுங்கள்

கிணறு நின்ற பிறகு அதை அப்படியே விட்டுப்போக முடியாது. சிமென்ட் அடைத்து, மேலே உள்ள தொட்டி, குழாய், இயந்திரம் எல்லாம் எடுத்து, நிலத்தைப் பழையபடி ஆக்கிக் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான கிணறுகளின் செலவைப் பார்த்த ஆய்வொன்றில், அடைப்பதற்கு மட்டும் நடுமதிப்பு 20,000 டாலர், நிலத்தைச் சீர்செய்வதையும் சேர்த்தால் 76,000 என்று வந்தது. ஆழம் கூடக் கூட இன்னும் ஏறும். கடலில் என்றால் இந்த எண்களை மறந்துவிடலாம்.

நம் உதாரணக் கிணறு மீதி ஆயுளில் சம்பாதிக்கப்போவது 15,000. மூட 76,000. அப்படியென்றால் இன்று மாதம் மூவாயிரத்து ஐந்நூறு தருவதாகக் காட்டிய அந்தக் கிணறு உண்மையில் அறுபதாயிரம் டாலர் கடன். அதை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கக்கூடாது. இந்த வழிகாட்டியிலிருந்து ஒரே ஒரு விஷயத்தை எடுத்துப்போவதாக இருந்தால் இதை எடுத்துப்போங்கள்: மூடும் செலவு இல்லாத லாபக் கணக்கு பொய்க் கணக்கு. தொழிலில் மிகப் பெரும்பாலான கணக்குகள் அப்படித்தான் போடப்படுகின்றன என்பது எனக்கு ஆற்றமாட்டாத கோபம்.

இது எப்படி நடந்தது? கிணற்றை மூடாமல் போனால் எடுத்துக்கொள்ள அரசு வாங்கிய ஜாமீன் தொகை அவ்வளவு சின்னது. அமெரிக்க மத்திய அரசு நிலத்தில் ஒரு குத்தகைக்கு 10,000 டாலர் ஜாமீன் என்று 1960-ல் வைத்தார்கள். ஒரு குத்தகையில் எத்தனை கிணறு இருந்தாலும் அவ்வளவுதான். 2024-ல்தான் அதை ஒன்றரை லட்சமாக ஏற்றி விதி போட்டார்கள். டாலர் மதிப்பே மாறாதது போல அறுபது ஆண்டுக்கும் மேல் அந்தப் பத்தாயிரம் அப்படியே இருந்தது. மூடுவதைவிட ஜாமீனை இழப்பது மலிவு என்றால் யார் மூடுவார்கள்? விளைவு, உரிமையாளர் திவாலாகி அல்லது காணாமல் போய் நிற்கும் அநாதைக் கிணறுகள். பதிவில் உள்ளவை மட்டும் லட்சத்துக்கு மேல். பதிவில் வராதவை அதைவிட எத்தனையோ மடங்கு. 2021-ன் உள்கட்டமைப்புச் சட்டத்தில் இவற்றை அடைக்க 470 கோடி டாலர் பொதுப் பணம் ஒதுக்கினார்கள். லாபம் தனி ஆட்களுக்குப் போனது, மூடும் செலவு ஊருக்கு வந்தது. மூடாத கிணறு சும்மாவும் இருப்பதில்லை, மீத்தேன் கசியும், உப்புநீர் குடிநீர்ப் படுகைக்கு ஏறும். உற்பத்தியில் ஆறு சதவீதம் மட்டுமே தரும் சிறு கிணறுகளிலிருந்துதான் அமெரிக்கக் கிணற்றடிகளில் கசியும் மீத்தேனில் ஏறக்குறைய பாதி வருகிறது.

படி 8: எல்லைக்கு வந்துவிட்ட கிணற்றை என்ன செய்யலாம்

செலவு குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். கிணற்றுக்குள் எண்ணெய் சேரும் வேகத்தைவிட வேகமாகப் பம்ப் ஓடினால் மின்சாரமும் வீண், கம்பியும் தேயும். டைமர் வைத்து நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் ஓட்டினால் உற்பத்தி அதிகம் குறையாமல் செலவு குறையும். மெழுகு அடைப்பு என்றால் சூடான எண்ணெய் விட்டுக் கரைக்கலாம். தாதுப் படிவு அடைப்பு என்றால் அமிலம் விட்டுக் கரைக்கலாம். தண்ணீர் ஏதோ ஒரு அடுக்கிலிருந்து மட்டும் வருகிறது என்றால் அந்த அடுக்கை அடைக்கலாம். மேலே தொடாத வேறு அடுக்கு இருந்தால் அங்கே துளை போட்டு எடுக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரே சோதனை: ஆகும் செலவு எத்தனை மாதத்தில் திரும்பும், அந்த மாதங்கள் கிணற்றின் மீதி ஆயுளுக்குள் வருகிறதா. வராது என்றால் அந்தப் பணத்தை மூடும் நிதியில் போடுங்கள்.

விலை ஏறட்டும் என்று நிறுத்தி வைக்கலாமே என்று தோன்றும். நிறுத்தி வைப்பதும் சும்மா இல்லை. காப்பீடு, வாடகை, ஆய்வுக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். உள்ளே துரு ஏறும், தண்ணீர் எண்ணெய் அடுக்குக்குள் புகுந்துகொள்ளும், திரும்பத் திறந்தால் பழைய உற்பத்தி வராமலே போகலாம். அதோடு சட்டச் சிக்கல்: அமெரிக்காவில் பெரும்பாலான குத்தகைகள், லாபம் தரும் அளவு உற்பத்தி இருக்கும்வரைதான் செல்லும். எது லாபம் என்று 1959-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றம் கிளிஃப்டன் எதிர் கூன்ட்ஸ் வழக்கில் சொன்னது. நியாயமான ஒரு காலத்தில் வருமானம் ஓட்டும் செலவை மிஞ்ச வேண்டும், மிஞ்சாவிட்டால் விவேகமான ஒருவர் லாபத்தை எதிர்பார்த்து அதைத் தொடர்ந்து ஓட்டுவாரா என்று பார்க்க வேண்டும். தோண்டிய செலவு இதில் சேராது. அதனால், கம்பெனியின் புத்தகத்தில் பெருநட்டமான கிணறு சட்டத்தின் கண்ணில் லாபக் கிணறாக இருக்க முடியும், குத்தகையைப் பிடித்துவைக்கவே சொட்டுச் சொட்டாக ஓட்டப்படும் கிணறுகளும் உண்டு.

படி 9: விற்றுவிடலாம் என்று நினைத்தால்

கிணறு பெரிய கம்பெனியிடமிருந்து நடுத்தரத்துக்கும், அங்கிருந்து சிறியதற்கும், கடைசியில் ஒரு அறையும் ஒரு போனும் மட்டும் உள்ள கம்பெனிக்கும் கைமாறுவது வழக்கம். ஒவ்வொரு கைக்கும் செலவு கொஞ்சம் குறைவு என்பதால் கிணறு கொஞ்ச காலம் உயிர் பிழைக்கும், அதில் தப்பில்லை. கடைசிக் கையில் மூடப் பணம் இல்லை என்பதுதான் பிரச்சனை.

கனடாவின் ஆல்பர்ட்டாவில் ரெட்வாட்டர் எனர்ஜி என்ற சிறு கம்பெனி 2015-ல் திவாலானது. 84 கிணறுகள். திவால் நிர்வாகி நன்றாக ஓடிய 17 கிணறுகளையும் அவற்றைச் சேர்ந்த வசதிகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, விற்று வங்கிக் கடனை அடைக்கலாம், மிச்சத்தைக் கைகழுவலாம் என்று பார்த்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஜனவரி 31 அன்று தீர்ப்பு: மூடும் கடமை முதலில், கடன்காரருக்கு அப்புறம். நல்ல கிணற்றை மட்டும் பொறுக்கிக்கொண்டு கெட்டதை ஊர்த் தலையில் கட்ட முடியாது. அதன் பிறகு அங்கே வங்கிகளும் கடன் கொடுக்கும் முன் மூடும் பொறுப்பு எவ்வளவு என்று பார்க்க வேண்டிய நிலை வந்தது. நீங்கள் விற்பவராக இருந்தால், வாங்குபவரின் நிதிநிலையைப் பாருங்கள், ஜாமீன் அவர் பெயருக்கு மாறிவிட்டதா என்று கட்டுப்பாட்டு அமைப்பில் உறுதிசெய்யுங்கள். பல இடங்களில் வாங்கியவர் ஓடிப்போனால் பொறுப்பு முந்தைய உரிமையாளரைத் தேடி வரும்.

படி 10: மூடுவது என்று முடிவெடுத்தால் முறையாக மூடுங்கள்

ரிக் வந்து கம்பி, டியூபிங் எல்லாம் மேலே எடுப்பார்கள். உள்ளே சுத்தம் செய்து, எண்ணெய் வந்த துளைகளுக்கு நேரே முதல் சிமென்ட் அடைப்பு. அது இறுகிய பிறகு கம்பியை இறக்கித் தட்டிப் பார்க்க வேண்டும். அவசரத்தில் இதைத் தவிர்த்தால் அடைப்பு கீழே நழுவியிருந்தாலும் தெரியாது. நடுவில் கனமான சேறு, அப்புறம் குடிநீர்ப் படுகையின் அடிமட்டத்தில் இன்னொரு அடைப்பு, கேசிங் என்ற, கிணற்றின் சுவராக நிற்கும் இரும்புக் குழாய்க்கு வெளிப்பக்கம் சிமென்ட் இல்லையென்றால் துளை போட்டு அங்கும் அழுத்தி ஏற்ற வேண்டும். குடிநீரைக் காப்பது இந்த அடைப்புதான், கூலி மிச்சம் பிடிக்கக் கூடாத இடம். கடைசியாக மேலே ஒரு அடைப்பு, கேசிங்கை நிலமட்டத்துக்குச் சில அடி கீழே அறுத்து, தகடு வைத்துப் பற்றவைத்து, மண் மூடுவார்கள். பென்சில்வேனியாவின் பழைய கிணறுகளில் மரக்கட்டையும் கல்லும் போட்டு அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், அவற்றை இன்று மறுபடி திறந்து அடைக்க வேண்டியிருக்கிறது.

மூடிய அறிக்கையில் ஒவ்வொரு அடைப்பின் ஆழமும் சிமென்ட் மூட்டைகளின் எண்ணிக்கையும் இருக்கும். அதன் நகலை நில உரிமையாளர் கையிலும் கொடுங்கள். நாளை அந்த இடத்தில் வீடு கட்டுபவருக்கும் தண்ணீருக்காக போர் போடுபவருக்கும் அது தேவைப்படும்.